பிள்ளைகளின் கையில் வீடியோ கேம்: பயன் எது, கேடு எது?

 

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "இந்தப் பையன் போனை விட்டு எழும்பவே மாட்டேங்கான்." நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு. மழை நாட்களிலும் பிள்ளைகள் முற்றத்தில் இறங்க முடியாமல் போனோடு ஒதுங்கிவிடுகிறார்கள். இதைப் பற்றி எழுதுங்கள் என்று பல தாய்மார்கள் நம்மிடம் கேட்டதுண்டு. இதுவரை நாம் எழுதவில்லை. எழுதியிருந்தால் "வேண்டாம், தொடாதே" என்ற இரண்டு சொல்லோடு முடித்திருப்போம். அது போதாது என்று நமக்கு உணர்த்தியவை, ஒரே வாரத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்த இரண்டு குடும்பங்கள்.

ஒரே வாரம், இரண்டு குடும்பம்

முதலில் வந்தவர் ஒரு தாய். கணவர் வளைகுடாவில் கடையில் வேலை பார்க்கிறார். நகைக்கடன் வட்டியில்லாமல் மீட்க நம்மிடம் உதவி கேட்டு வந்தார். மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தும் ஏன் இந்த நிலை என்று விசாரித்தபோது அழுதுவிட்டார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், அவருடைய போனில் சுடும் விளையாட்டு ஒன்றுக்கு உடையும் ஆயுதமும் வாங்குவதற்காகச் சிறிது சிறிதாகப் பணம் கட்டியிருக்கிறான். ரகசிய எண் அவனுக்குத் தெரியும். உம்மாவுக்கு வங்கிக் குறுஞ்செய்தி வாசிக்கத் தெரியாது என்பதும் தெரியும். மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை. பையனைத் தனியே அழைத்துப் பேசினோம். "தப்புன்னு எப்பமோ தெரியும். ஆனா கேம் விளையாடுததே தப்புன்னு எல்லாரும் சொல்லுதீங்க. பின்ன யாருட்ட போய்ச் சொல்ல?" என்றான். அந்தக் கேள்வி இன்றும் நம்மை உறுத்துகிறது. நம் மதரஸா ஆண்டு விழா மேடையில் அப்படிப் பேசியவர்களில் நாமும் இருந்தோம்.

இரண்டாவதாக வந்தவர் மருத்துவ உதவிக்காக வந்த ஒரு சகோதரர். அவருடைய உம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. உடற்பயிற்சி சிகிச்சை அளிப்பவர், மற்றப் பயிற்சிகளோடு சேர்த்து, டேப்லெட் திரையில் மிதந்துவரும் குமிழிகளை விரலால் தொட்டு உடைக்கும் விளையாட்டையும் தினமும் செய்யச் சொல்லியிருக்கிறார். "வாப்பும்மாவுக்குப் பேரன்தான் வாத்தியார். கையை நீட்டிப் பயிற்சி செய்யுங்கன்னா சலிச்சுக்கிடுவாங்க. கேமுன்னா 'இன்னொரு தடவ' என்பாங்க" என்று சிரித்தபடி சொன்னார்.

ஒரு வீட்டில் நகை போயிற்று. இன்னொரு வீட்டில் விரல் அசைந்தது. இரண்டையும் "கேம்" என்ற ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எது பயன், எது கேடு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அதற்காகத் தேடிப் படித்ததையும் விசாரித்ததையும் இங்கே தருகிறோம்.

விளையாட்டும் மார்க்கமும்

முதலில் மனதில் எழும் கேள்விக்கு வருவோம். இஸ்லாம் விளையாட்டை வெறுக்கும் மார்க்கம் அல்ல. பெருநாள் அன்று அபிசீனிய மக்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளோடு விளையாடியதையும், அதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழ நபி (ஸல்) அவர்கள் இடம் கொடுத்ததையும் ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். நபியவர்கள் அன்னையாரோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும் நாம் அறிந்ததே.

அதே மார்க்கம் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்துத் தடுத்திருக்கிறது (அல்மாயிதா அத்தியாயம், 90ஆம் வசனம்). ஆகவே நம் ஆலிம்களிடம் கேட்டபோது அவர்கள் போனையும் கணினியையும் பார்க்கவில்லை. நான்கு கேள்விகளையே கேட்டார்கள். அதில் பந்தயப் பணம் இருக்கிறதா? தொழுகையும் கடமையும் தவறுகிறதா? ஆபாசமோ தீமையோ அதில் அழகாகக் காட்டப்படுகிறதா? உடம்புக்கும் படிப்புக்கும் கேடு வருகிறதா? இந்த நான்குக்கும் "இல்லை" என்று பதில் வந்தால் அது பொழுதுபோக்கு என்ற வரம்புக்குள் இருக்கும் என்றார்கள். இனி வரும் எல்லாவற்றையும் இந்த நான்கு கேள்விகளை மனதில் வைத்தே படியுங்கள்.

கவனம் ஒரு பயிற்சி

நம் இடலாக்குடி மண்ணில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) அவர்களை நினைத்துப் பாருங்கள். 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒரே நேரத்தில் மனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டியவர். அவதானக் கலையில் ஒருவர் மணி அடிப்பார், எத்தனை முறை என்று எண்ண வேண்டும்; இன்னொருவர் முதுகில் கல்லோ பூவோ எறிவார், அதையும் எண்ண வேண்டும்; இடையில் கேட்கும் இலக்கணக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்; கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாட வேண்டும். அல்லாஹ் கொடுத்த அறிவை அவர் பயிற்சியால் கூர்மையாக்கினார்.

பாவலர் எட்டிய உயரத்தை எந்தக் கேமும் யாருக்கும் தந்துவிடாது. ஆனால் கவனத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்ற அடிப்படை ஒன்றுதான். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷான் கிரீன், டாஃப்னி பவெலியர் என்ற இருவர் 2003இல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வேகமான ஆக்‌ஷன் விளையாட்டுகளை ஆடியவர்கள், பார்வையில் ஒரே நேரத்தில் படும் பல பொருட்களைப் பின்தொடர்வதில் மற்றவர்களைவிடத் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். முன்பு ஆடாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது.

எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். 'டிஸ்லெக்சியா' என்ற இந்தக் குறைபாட்டைப் பல வீடுகளில் "மக்கு" என்று சொல்லி அடித்தே தீர்க்கப் பார்க்கிறோம். இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தார் 2013இல் இப்படிப்பட்ட பிள்ளைகளை மொத்தம் 12 மணி நேரம் ஆக்‌ஷன் விளையாட்டு ஆட வைத்தார்கள். பிழை கூடாமலே அவர்களின் வாசிப்பு வேகம் கூடியது. ஆய்வில் இருந்த பிள்ளைகள் இருபதே பேர். ஆகவே இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடியும் வசவும் மட்டுமே வழி அல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

2020 ஜூன் மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், கவனக்குறைவு உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக 'எண்டெவர் ஆர்எக்ஸ்' என்ற விளையாட்டுக்கு அனுமதி வழங்கியது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கேம் ஒன்று வந்தது அதுவே முதல் முறை. அதையும் மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

படிப்பும் தொழிலும்

வயிற்றில் சிறு துளை போட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே செய்யும் லேப்ராஸ்கோப் அறுவை சிகிச்சை இப்போது நாகர்கோவில் மருத்துவமனைகளிலேயே நடக்கிறது. திரையில் கண்ணும் கருவியில் கையும் ஒத்துப்போக வேண்டிய வேலை அது. நியூயார்க்கில் 33 அறுவை மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. முன்பு வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடிய மருத்துவர்கள், ஆடாதவர்களைவிட 37 சதவீதம் குறைவாகப் பிழை செய்தார்கள். 27 சதவீதம் வேகமாகவும் வேலையை முடித்தார்கள். கவனியுங்கள்: வாரத்துக்கு 3 மணி நேரம். நம் பிள்ளைகளில் சிலர் ஒரே இரவில் ஆடும் நேரம் இது.

விளையாட்டிலேயே அறிவியலுக்குச் சேவை செய்தவர்களும் உண்டு. 'ஃபோல்டிட்' என்பது புரதங்களின் வடிவத்தைத் திரையில் மடித்து மடித்துக் கண்டுபிடிக்கும் புதிர் விளையாட்டு. குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி வடிவம் விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகளாகப் பிடிபடாமல் இருந்தது. 2011இல் ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் மூன்று வாரத்துக்குள் அதற்கு விடை தேடிக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர்.

கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டும் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டை நம் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு 2012 முதல் இதே விளையாட்டைக் கொண்டு ஏழை மக்கள் தங்கள் பகுதிப் பூங்காவையும் பொது இடத்தையும் தாங்களே வரைந்து காட்ட வழி செய்தது. கென்யாவின் நைரோபியில் உள்ள கிபேரா என்ற குடிசைப் பகுதியில் இதைத் தொடங்கினார்கள்.

இவற்றையெல்லாம்விட நம் பிள்ளைகளுக்கு நேரடியாக உதவக்கூடியது, கேம் ஆடுவதிலிருந்து கேம் செய்வதற்கு நகர்வது. 'ஸ்கிராட்ச்' என்ற இலவச மென்பொருளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2007இல் வெளியிட்டார்கள். கட்டளைகளைக் கட்டைகள் போலப் பொருத்தி எட்டு வயதுப் பிள்ளையும் ஒரு சிறு விளையாட்டை உருவாக்கிவிடலாம். கணக்கில் ஆயத்தொலைவு, குறை எண் என்று புரியாமல் இருந்தவை, தான் வரைந்த பூனை திரையில் இடது பக்கம் நகர வேண்டும் என்னும்போது தானாகப் புரியும். இரண்டு முதல் பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 'ஜிகாம்ப்ரிஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எண், எழுத்து, புதிர் எல்லாம் அதில் விளையாட்டாகவே வரும்.

பெரியவர்களுக்கும் பயன் உண்டு

வீடியோ கேம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் 60 முதல் 85 வயதுவரை உள்ளவர்களுக்காக 'நியூரோரேசர்' என்ற கார் ஓட்டும் விளையாட்டை உருவாக்கினார்கள். வண்டியைப் பாதையில் வைத்துக்கொண்டே, திரையில் தோன்றும் குறிகளில் சொன்ன குறிக்கு மட்டும் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம் பயிற்சி செய்தவர்கள், அந்த விளையாட்டில் பயிற்சி இல்லாத இருபது வயது இளைஞர்களை மிஞ்சினார்கள். அந்தத் திறன் ஆறு மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. இது 2013இல் வெளிவந்த ஆய்வு.

சாலை விபத்தில் சிக்கி உயிர் தப்பியவர்களுக்கு அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வந்து வாட்டும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. விபத்து நடந்த ஆறு மணி நேரத்துக்குள், அந்த நிகழ்வைச் சற்று நினைவுகூர்ந்துவிட்டு 20 நிமிடம் 'டெட்ரிஸ்' ஆடியவர்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அப்படி வாட்டும் நினைவுகள் 62 சதவீதம் குறைவாக வந்தன. விழும் கட்டைகளை அடுக்குவதில் கண்ணும் மனமும் ஈடுபடும்போது அந்தக் கோரக் காட்சி மனதில் ஆழமாகப் பதிய இடம் குறைகிறது என்று விளக்குகிறார்கள்.

பக்கவாதம் வந்தவர்களுக்குக் கேம் எவ்வளவு உதவும் என்பதையும் மருத்துவ உலகம் சேர்த்துப் பார்த்திருக்கிறது. வழக்கமான உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் பதிலாகக் கொடுத்தால் தனி மேன்மை இல்லை. அதோடு கூடுதலாகக் கொடுத்தால் கையின் இயக்கத்தில் பயன் தெரிகிறது. காரணம் எளிது. பயிற்சி நேரம் கூடுகிறது. மேலே சொன்ன வாப்பும்மாவின் "இன்னொரு தடவ" என்ற சொல்லில் இருப்பதும் அதுதான். ஆகவே யாரும் சிகிச்சையை நிறுத்திவிட்டு டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "மூளையைக் கூர்மையாக்கும்", "மறதி நோய் வராமல் தடுக்கும்" என்று விளம்பரம் செய்து விற்கும் கேம்கள் உண்டு. அப்படி விளம்பரம் செய்த 'லுமாசிட்டி' நிறுவனம், ஆதாரம் காட்ட முடியாததால், அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 2016இல் 20 லட்சம் டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. ஒரு விளையாட்டில் தேர்ச்சி பெறுபவர் முதலில் அந்த விளையாட்டில்தான் தேர்ச்சி பெறுகிறார். மற்ற வேலைகளுக்கு அது எவ்வளவு கைகொடுக்கும் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபடும்.

உறவும் மொழியும்

நம் சமுதாயத்தில் பல வீடுகளில் வாப்பா வெளிநாட்டில். வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் "நல்லா படிக்கியா, தொழுதியா" என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் பேச ஒன்றும் இருப்பதில்லை. பையன் போனை உம்மாவிடம் நீட்டிவிட்டு ஓடிவிடுகிறான். நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர் தம்மாமிலிருந்து விடுமுறை நாளில் மகனோடு அரை மணி நேரம் போனில் சதுரங்கம் ஆடுகிறார். ஆட்டத்துக்கு நடுவில்தான், வகுப்பில் ஒருவன் தன்னைத் தொந்தரவு செய்வதை அந்தப் பிள்ளை வாப்பாவிடம் சொல்லியிருக்கிறான். நேருக்கு நேர் கேட்டால் சொல்லாததை, பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும்போது பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். (சதுரங்கம் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, பந்தயம் இருந்தால் கூடாது என்பதில் வேறுபாடு இல்லை. தெளிவு வேண்டுவோர் நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும்.) 'லிசெஸ்' என்ற தளத்தில் விளம்பரமும் கட்டணமும் இல்லாமல் சதுரங்கம் ஆடலாம்.

தமிழிலிருந்தே உலகம் பேசிய ஒரு கேமும் வந்திருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் 'விசை கேம்ஸ்' என்ற தமிழர் தொடங்கிய சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட அந்த விளையாட்டின் பெயர் 'வெண்பா'. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பம். வெண்பா என்பது அந்தத் தாயின் பெயர். ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட இடத்தை யூகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். புட்டுக்குழலில் எது முதலில் போகும், மாவா தேங்காய்த் துருவலா? நம் வீட்டுப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். உலகம் முழுவதும் உள்ளவர்கள் அதை யோசித்து யோசித்து விளையாடினார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்த பெற்றோருக்கும், தமிழ் பேசத் தயங்கும் மகனுக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் கதை. 2024இல் இதற்குப் பிரிட்டனின் 'பாஃப்டா' விருதில் சிறந்த முதல் படைப்புக்கான பரிசு கிடைத்தது. சமையலையும் தாய்மொழியையும் வைத்து உலகத் தரத்தில் ஒரு விளையாட்டு செய்ய முடியும் என்பதை, கணினி படிக்கும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அளவு தாண்டினால்

இத்தனை பயன்களைச் சொன்ன பிறகு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அமானிதத்துக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோம்.

உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸார்டர்' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதிக நேரம் விளையாடுபவர் எல்லோரும் நோயாளி அல்லர். மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: தொடங்கினால் நிறுத்த முடியாமை, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும்விட விளையாட்டே முதலாக வருவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது. இவை ஏறத்தாழ ஓராண்டு நீடித்து, வாழ்க்கையைப் பாதித்தால் அது சிகிச்சை வேண்டும் நிலை.

அப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஒளிக்க வேண்டாம். மந்திரிக்கவும் அடிக்கவும் வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இயங்கிவருகிறது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதில் வெட்கம் இல்லாதபோது இதற்கு என்ன வெட்கம்?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது. சோறு ஊட்ட போனைக் கையில் கொடுக்கும் வழக்கத்தை இந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்கிறோம்.

பணம் கட்டும் ஆட்டம்

இளைஞர்களிடமும் குடும்பத் தலைவர்களிடமும் இதைத் தனியாகச் சொல்கிறோம். ஆன்லைன் ரம்மி, பணம் வைக்கும் கிரிக்கெட் அணி ஆட்டம் போன்றவை எந்தப் பெயரில் வந்தாலும் பந்தயப் பணம் இருந்தால் அது சூதுதான். "திறமையால் ஜெயிக்கிறோம்" என்ற சமாதானம் மார்க்கத்தில் எடுபடாது. இப்போது சட்டத்திலும் எடுபடாது.

தமிழ்நாடு அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. பண விளையாட்டுகளை 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை யாருமே ஆடக் கூடாது என்ற விதிகள் 2025 பிப்ரவரியில் வந்தன. அந்த ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அவை செல்லும் என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் நாடு முழுவதும் தடுக்கிறது. நடத்துபவர்களுக்கு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும் உண்டு. அதே சட்டம், பணப் பந்தயம் இல்லாத இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளையும் கல்வி விளையாட்டுகளையும் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. நாம் மேலே பிரித்துப் பார்த்ததைப் போலவே சட்டமும் பிரித்துப் பார்த்திருக்கிறது.

பிள்ளைகளின் கேம்களுக்குள்ளும் சூதின் நிழல் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சொல்கிறோம். நல்ல ஆயுதம் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். வரவில்லையென்றால் இன்னொரு பெட்டி. பெல்ஜியம் நாடு 2018லேயே இது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று முடிவு செய்தது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் புரிந்துகொள்வார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சொன்னோம். "அப்ப அது லாட்டரி மாதிரி" என்றான். அவ்வளவுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. போனில் பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். தெரிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கூகுள் பிளே கடையில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம்.

2. கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' செயலியால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணியோடு போன் பூட்ட வேண்டும் என்று நிர்ணயிக்கலாம். ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற அமைப்பு உண்டு.

3. கேமை இறக்கும் முன் அதன் வயதுக் குறியைப் பாருங்கள். 3, 7, 12, 16, 18 என்று போட்டிருக்கும். 16 போட்ட கேம் பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகாது.

4. நேரத்தை மணிக்கணக்கில் சொல்வதைவிட வக்துக் கணக்கில் சொன்னால் நம் வீடுகளில் நன்றாக எடுபடுகிறது. அஸர் தொழுது, வெளியே ஓடி விளையாடிவிட்டு வந்தபின் அரை மணி நேரம்; மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் போன் அலமாரிக்குள்; இஷாவுக்குப் பிறகு கிடையாது. இந்தச் சட்டம் பெரியவர்களுக்கும் பொருந்த வேண்டும். வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே பிள்ளையிடம் "போனை வை" என்றால் அவன் வைக்க மாட்டான்.

5. தனியறையில் கதவடைத்து விளையாட விடாதீர்கள். கூடத்தில், எல்லோரும் நடமாடும் இடத்தில் விளையாடட்டும். முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியை அணைத்து வையுங்கள்.

6. வாரத்தில் ஒரு நாள் நீங்களும் கூடவே உட்கார்ந்து, "இது என்ன, எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். நாம் தோற்கும்போது பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்புக்கு விலை கிடையாது.

7. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பிள்ளையே கேமுக்குச் செலவழித்ததாக இருந்தால், திருப்பித் தரும்படி அந்தக் கடைக்கு உடனே விண்ணப்பியுங்கள். நாளாக நாளாக வாய்ப்பு குறையும்.

கேம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கிளித்தட்டுக்கும் கபடிக்கும் கடற்கரை மணலில் ஆடும் கால்பந்துக்கும் அது ஈடாகாது. வியர்வையும் வெயிலும் காலில் பட்ட சிராய்ப்பும் வளரும் பிள்ளைக்கு வேண்டும். அது முடிந்து மீதி இருக்கும் நேரத்தில்தான் திரைக்கு இடம்.

அறக்கட்டளை எடுத்த முடிவு

நம் படிப்பகத்தில் இருக்கும் இரண்டு பழைய கணினிகளில் இதுவரை கேமுக்கு அனுமதி இல்லை. நிர்வாகக் குழு கூடிப் பேசியதில், வரும் விடுமுறையில் சனி, ஞாயிறு மாலை அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் சொல்லிக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குச் சனி, பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு. கட்டணம் இல்லை. சொல்லிக் கொடுக்க முன்வரும் பொறியியல் மாணவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பயன்படுத்தாமல் வீட்டில் கிடக்கும் மடிக்கணினி இருந்தால் தந்து உதவுங்கள்.

அந்தத் தாயின் நகையை நம் வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து மீட்டுக் கொடுத்தாயிற்று. மாதம் ஒரு தொகையாக அவர் திருப்பிச் செலுத்தி வருகிறார். மகன் முழு விவரத்தையும் வாப்பாவிடம் தானே போனில் சொன்னான். வாப்பா வெகு நேரம் பேசவே இல்லையாம். கடைசியில் "இனி எதுன்னாலும் முதல்ல என்ட்ட சொல்லு மக்களே" என்றாராம். அந்தப் பையன் பெயரையும் ஸ்கிராட்ச் வகுப்புப் பட்டியலில் எழுதியிருக்கிறோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் நேரத்தையும் பயனுள்ள வழியில் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.

செயலாளர்,
நிர்வாகக் குழுவுக்காக